புதுப்பிப்பு: மடக்கினால் தொடர்பு அறும் மணிக்கட்டு சென்சார் சரியாகிவிட்டது

சிலிகோனுக்குள் காலியம்-இண்டியம் திரவ உலோகம் நிரப்பிய என் சென்சார், கையை மடக்கும்போதெல்லாம் தொடர்பை இழக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கோளாறு உலோகம் ஓடும் தடத்தில் இல்லை, கம்பி நுழையும் இடத்தில். விறைப்பான கம்பியும் மெத்தென்ற சிலிகோனும் சேரும் அந்தப் புள்ளியில்தான் இழுவிசை முழுவதும் குவிகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கம்பியைச் சுற்றி மயிரிழைப் பிளவு. மடக்கினால் வாய் திறக்கிறது, நிமிர்த்தினால் மூடிக்கொள்கிறது.

இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கெட்டியான சிலிகோனில் சின்னத் தீவு வார்க்கச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. ஓரத்தைச் சரிவாக மெலிய விட்டேன். கையை மடக்கும்போது சென்சாருக்கு அடியில் உள்ள தோல் சுமார் 30 சதவீதம் நீளும். அந்த அளவு இழுத்தும் இப்போது தொடர்பு அறுவதில்லை. திரவ உலோகத்துக்குப் பதிலாக, இழுத்தால் நீளும்படி நெளிநெளியான செம்புத் தடம் போடும் யோசனைக்குத் தேவையே வரவில்லை.

எதிர்பாராத ஒன்று: முதல் தீவு இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. காரணம் என் லேடெக்ஸ் கையுறை. அதிலுள்ள கந்தகம், சிலிகோனை இறுக வைக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும். வினைல் கையுறைக்கு மாறியதும் நன்றாக இறுகியது.

அப்புறம், இந்த உலோகத்தை அலுமினியம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காலியம் உள்ளே ஊடுருவி அதை நொறுங்க வைத்துவிடும்.