உதவி தேவை: ‘யோக்வான்’ என்ற ஃபரோ தீவுப் பெயரின் மூலம் எது?

வடகடல்: டென்மார்க்கின் ஆளுகைக்குட்பட்ட ஃபரோ தீவுகளின் வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். அதில் வரும் யோக்வான் என்ற ஆண்பெயரின் மூலம் எது, அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று இன்றிரவுக்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நூலகன்: எந்த நூற்றாண்டு மனிதர்? மூலநூல் எந்த மொழியில் உள்ளது? அவர் பெயர் வேறு வடிவிலும் வருகிறதா?

சொல்லேணி: நடுவில் ககரம் இருப்பதால் இது யோவாக்கிம், அதாவது நம் கத்தோலிக்கர் சொல்லும் சுவக்கின் என்பதன் திரிபு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

முதுநிலை: ஒலி ஒப்புமையை மட்டும் நம்பி வேர் காணக் கூடாது என்பது மொழியியலின் அரிச்சுவடி, ஆகவே பொறுமையாகப் படியுங்கள். இப்பெயரின் மூலமான எபிரேய யோகனான் கிரேக்கத்தில் இயோவான்னேஸ் ஆகி, இலத்தீன் வழியே வடக்கே சென்றது. ஃபரோ மொழியில் நெடில் ஓகாரத்தை அடுத்து உயிரெழுத்து வந்தால் இடையே ‘க்வ்’ தோன்றும். துடுப்பு வலிப்பதைக் குறிக்கும் ‘ரோவா’ ஐஸ்லாந்தில் அப்படியே நிற்க, ஃபரோவில் ‘ரோக்வா’ என்று எழுதப்படுவது இதனால்தான். ‘யோவன்’ யோக்வான் ஆனதும் இவ்வாறே. உருசிய இவான், வேல்சு இயேவன், ஆர்மீனிய ஹோவ்ஹன்னெஸ் எல்லாம் இதன் உடன்பிறப்புகள்.

சொல்லேணி: அந்த ‘ரோக்வா’ சான்று வலுவானது. அப்படியானால் தமிழில் யோவான் என்றே எழுதிவிடலாமே? விவிலிய வாசகர்கள் உடனே அறிந்துகொள்வார்கள்.

நூலகன்: கூடவே கூடாது. பழைய கத்தோலிக்க வழக்கில் அருளப்பர் என்பதும் இதே பெயர்தான். அதற்காக 1989இல் ஃபரோவின் பிரதமரான யோக்வான் சுண்ட்ஸ்டைனை அருளப்பர் என்று எழுதுவோமா?

முதுநிலை: ‘யோக்வான்’ என்பதும் எழுத்தைப் பார்த்து எழுதியதே. ஃபரோ மொழிக்கு ஹம்மர்ஸ்ஹைம் என்பவர் 1846இல் வகுத்த எழுத்துமுறை உச்சரிப்பைவிடப் பழைய வடிவத்தையே பேணுவதால், தலைநகர் தோர்ஸ்ஹவுனில் ‘யெக்வான்’ என்றும் தெற்கே சுவூரோய் தீவில் ‘யொக்வான்’ என்றும் ஒலிக்கும் பெயர் ஒரே மாதிரி எழுதப்படுகிறது. நபர் எந்தத் தீவினர் என்பதைக் கேட்டவர் சொல்லாதவரை இந்த வாதம் முடியாது.

நூலகன்: காலமும் தெரிய வேண்டும். மதச் சீர்திருத்தத்திற்குப் பின் திருச்சபையின் மொழி டேனியமாகிவிட்டதால், வீட்டில் யோக்வான் என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் யோயன் ஆகியிருப்பார். இன்று அங்கே மிகப் பரவலாக உள்ள யோயன்சன் என்ற குடும்பப்பெயர் அந்த எழுத்துவடிவின் எச்சம்தான்.

வடகடல்: பதினெட்டாம் நூற்றாண்டு, சுவூரோய். பதிவேட்டை மேற்கோள் காட்டும் பக்கத்தில் யோயன் என்றுதான் உள்ளது. இருவர் என்று எண்ணித்தான் குழம்பியிருந்தேன். ‘யொக்வான்’ என்று எழுதி, அடிக்குறிப்பில் யோயனைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். நன்றி.