கிராணி இல்லாத கடை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். என்னிடம் வேலை செய்யும் நால்வரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். 2025 பிப்ரவரி 1ஆம் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனபோது, ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்போருக்கு ஆகஸ்ட் 1 வரை அவகாசம் இருந்தது. கல்யாணச் சமையல் ஆர்டர்கள் குவிந்தும், ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் அனைவருக்கும் உடனே கூட்டிக் கொடுக்க வேண்டுமே என்று தள்ளிப்போட்டேன். அந்த ஆறு மாதமும் பாத்திரம் கழுவியவர் என் மனைவி.

சம்பள உயர்வில் எனக்கு மனக்குறை இல்லை. 1,700 ரிங்கிட்டுக்குச் சேமநிதியில் என் பங்கு 221, தொழிலாளியின் பங்கு 187. அது அவர்களுடைய முதுமைக்கான பணம். என்னை வாட்டுவது பதிவு வேலைதான். சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, வேலையிழப்புக் காப்புறுதி எல்லாவற்றையும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கடை சாத்திய பிறகு, மஞ்சள் கறை படிந்த சம்பள நோட்டைப் பார்த்துக் கைப்பேசியில் ஒவ்வோர் எண்ணாகத் தட்டுகிறேன். அப்படித்தான் ஒருமுறை எங்கள் சமையற்கார அக்காவின் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் பிசகி, மூன்று மாதச் சந்தா அவர் கணக்கில் ஏறாமல் போயிற்று. அதைச் சரிசெய்ய ஈப்போ அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்தேன். மூன்று நாளும் கடைக்குப் பூட்டு. முகப்பில் இருந்தவர், "உங்கள் கிராணியை அனுப்பியிருக்கலாமே" என்றார். அடுப்படியில் நிற்பவனே கணக்கும் எழுதும் கடையில் கிராணிக்கு, அதாவது தனி எழுத்தருக்கு, எங்கே போவது? பெரிய தொழிற்சாலைக்கும் எனக்கும் ஒரே நடைமுறையை வைத்திருப்பதுதான் என் வேதனை.

*

ஐயா, வணக்கம். நான் இதே பட்டணத்தில் தையற்கடை வைத்திருக்கிறேன். உங்கள் அலைச்சலை நானும் பட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் 10ஆம் தேதியே உட்கார்ந்து, நான் பதிந்த எண்களை மகளை உரக்கப் படிக்கச் சொல்லி, அட்டை நகலோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புகிறேன்.

வருகைப் பதிவேட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என்னிடம் தைக்கும் தங்கை ஒருவர், காலையில் வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். சொக்சோவுக்கு மனுச் செய்தபோது அந்தப் பதிவேட்டைத்தான் கேட்டார்கள். விடுப்பில் இருந்த நாள்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைத்தது. அவர் வீட்டில் அடுப்பெரிந்தது அதில்தான். இப்போது அவரே வந்த நேரத்தை எழுதிவிட்டுத்தான் இயந்திரத்தில் உட்காருகிறார்.