பழைய கிளையண்ட் வேலைகளைப் போர்ட்ஃபோலியோவில் எப்படிக் காட்டுவது? பாதி சைட் உயிரோடு இல்லை

பனியன்நகர்:
2014-லிருந்து திருப்பூரில் தனியாக வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் பனியன் கம்பெனிகள், ரெண்டு டையிங் (சாயப் பட்டறை), ஒரு கல்யாண மண்டபம், ஒரு மாத இதழ். வேலை வந்ததெல்லாம் யாராவது யாரிடமாவது சொல்லித்தான், அதனால் போர்ட்ஃபோலியோ என்று அக்கறையாக எதுவும் செய்யவில்லை. என் சைட்டில் 14 லிங்க் வரிசையாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் முதலாளியும் மெர்ச்சண்டைசரும் எதிரே உட்கார்ந்துகொண்டு "முன்னாடி பண்ணுனதைக் காட்டுங்க" என்றார்கள். மூன்றாவது லிங்க்கைத் தட்டினேன். பச்சை மேசை, சீட்டுக்கட்டு, "இப்போதே சேர்ந்தால் போனஸ்". பழைய கிளையண்ட் டொமைனை, அதாவது சைட் முகவரியை, புதுப்பிக்காமல் விட்டுவிட்டார், எவனோ அதை வாங்கி ரம்மி சைட் போட்டிருக்கிறான். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு "இதுவும் நீங்க பண்ணுனதுங்களா?" என்றார். அந்த வேலை வரவில்லை என்று தனியாகச் சொல்லணுமா.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நான் கட்டியபடி இருப்பது 4. ஐந்தை வேறு ஆள் புதிதாக மாற்றிவிட்டார், மூன்றுக்கு டொமைனே இல்லை, ஒன்று ரம்மி, மண்டபத்து சைட் வெறும் வெள்ளையாக நிற்கிறது. இது போக ஒரு ஏஜென்சிக்காக அவர்கள் பெயரில் ஆறு சைட் செய்திருக்கிறேன், என் நல்ல வேலையெல்லாம் அதில்தான். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் என்னிடம் இல்லை. இதையெல்லாம் எப்படிக் காட்டுவது, காட்டலாமா?

ராத்திரி_டெப்ளாய்:
முதலில் அந்த ரம்மி லிங்க்கை எடுங்க ப்ரோ, மீதியை அப்புறம் பேசலாம்.

போன சைட்டுகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுத் தேடுங்க. 1996-லிருந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள், சின்னக் கம்பெனி சைட்கூடச் சில சமயம் மாட்டும். ஆனால் முழுசாக வரும் என்று நம்ப வேண்டாம்: படங்கள் பாதி விட்டுப்போயிருக்கும், ஜாவாஸ்கிரிப்டில் (பிரவுசருக்குள் ஓடும் புரோகிராம்) ஏற்றியது அநேகமாக வராது, லாகின் போட்டு உள்ளே போகும் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. கிடைத்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த வருடம் செய்தது என்று கீழே எழுதிப் போடுங்க. இனிமேல் செய்யும் சைட்டை லைவ் ஆக்கிய அன்றைக்கே அங்கே நீங்களே சேமித்துவிடலாம், அதற்குத் தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. செல்போன் அளவிலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்க.

மண்டபத்து சைட்டை எதில் எழுதினீங்க? பிஎச்பி 5 (சர்வரில் சைட்டை ஓட்டும் மொழி) காலத்து மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களா, டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்குமே, அதுவா? 2015 கடைசியில் வந்த பிஎச்பி 7-இல் அதைத் தூக்கிவிட்டார்கள். ஹோஸ்டிங்காரன் (சைட்டைத் தன் சர்வரில் வைத்திருப்பவன்) ஒரு நாள் பிஎச்பி வெர்ஷனை ஏற்றியிருப்பான், எரர் காட்டுவதும் அணைத்திருக்கும், அதனால்தான் வெள்ளை.

கூலிக்கு_கோடு:
ஏஜென்சி விஷயத்தில் அவசரப்படாதீங்க. நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதிய கோடுக்கு (புரோகிராமுக்கு), வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் உரிமையாளர். நம்மைப் போல வெளியிலிருந்து செய்து கொடுப்பவருக்கு அப்படி இல்லை, உரிமை முதலில் நம்முடையதுதான், எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தால்தான் போகும். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அதுதான் இருந்ததோ என்னவோ, யார் கண்டது. அதிலேயே "வெளியே சொல்லக் கூடாது" என்று ஒரு வரி இருந்தால் கோடு யாருடையது என்பதே இங்கே பேச்சு இல்லை, வாயைத் திறந்தால் ஒப்பந்த மீறல்.

மெயில் போட்டு நகல் கேளுங்க. கூடவே "கிளையண்ட் பெயர், லோகோ இல்லாமல் என்ன வேலை என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாமா" என்றும் கேளுங்க. எனக்கு ஒரு இடத்தில் சரி என்றார்கள், ஒரு இடத்தில் பதிலே இல்லை. பதில் வராத வேலையை நான் போடுவதில்லை.

மேசைக்கு_அந்தப்பக்கம்:
நான் ஆள் எடுக்கிற பக்கம், அதனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். 14 லிங்க்கை யாரும் திறப்பதில்லை. ரெண்டு திறப்போம், ரெண்டும் ஒரே மாதிரி பேனர், ஒரே மாதிரி "எங்களைப் பற்றி". அது ரெடிமேடாகக் கிடைக்கும் தீம் வேலையா உங்கள் வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிளையண்டுக்கு என்ன தொல்லை இருந்தது, நீங்கள் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை என்று நாலு வரி இருந்தால் சைட் செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை. மூன்று வேலை போதும். அந்த மாத இதழ் என்ன கதை? அதுதான் கேட்கத் தோன்றுகிறது.

பனியன்நகர்:
அதைச் சாதாரண வேலை என்று நினைத்திருந்தேன். பழைய இதழ்களெல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் தமிழ், உள்ளே வெறும் ஆங்கில எழுத்து, கூகுளில் தேடினால் ஒரு கட்டுரைகூட வராது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) எழுதினேன். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு மூன்றும் பாமினியில் எழுத்துக்கு முன்னால் வரும், யூனிகோடில், திரையில் முன்னால் தெரிந்தாலும், உள்ளே எழுத்துக்குப் பின்னால். அதைச் சரியாக இடம் மாற்றாததால் முதல் தடவை "கோயில்" எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறியது. ஆசிரியர் பிரிண்ட் எடுத்துச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தார், 40 பக்கம். நடுவில் வந்த ஆங்கிலப் பெயர்களும் தமிழாகிவிட்டன, அதைக் கையால்தான் திருத்தினேன்.

மேசைக்கு_அந்தப்பக்கம்:
இதை அப்படியே போடுங்க. அந்தச் சிவப்பு மைத் தாள் இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டு ஒரு போட்டோவும்.

பனியன்நகர்:
ஒரு தாள் கிடைத்தது, டீ கறையோடு. ரம்மி லிங்க் எடுத்தாச்சு. ஏஜென்சிக்கு மெயில் போட்டிருக்கிறேன், பதில் இல்லை, அதனால் அந்த ஆறையும் தொடவில்லை. மண்டபக்காரருக்கு போன் போட்டால் சைட் வெள்ளையாக நிற்பது அவருக்கே தெரியாது. "அதான் வெளியூர்க்காரங்க யாரும் கூப்பிடறதில்லையா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.