தெருப் பூனைகளுக்குக் கருத்தடை: எப்படிப் பிடிப்பது, எப்போது திரும்ப விடுவது?

செல்லூர்வாசி:
எங்கள் சந்தில் பதினொரு பூனைகள். இரண்டு மட்டும் கைக்கு வரும். மற்றவை ஆளைக் கண்டாலே ஓட்டின் மேல் ஏறிவிடும். மூன்று பெண் பூனைகள் மாற்றி மாற்றிக் குட்டி போடுகின்றன. சாக்கில் கட்டி வைகைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்று தெருவில் பேச்சு. அதற்கு முன் கருத்தடை செய்ய வேண்டும். எதை முதலில் பிடிப்பது? ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் வைத்திருப்பது?

மாசிவீதி:
கொண்டுபோய் விடுவது வேண்டவே வேண்டாம். மீன் கழிவும் எலியும் உள்ளவரை அந்த இடத்துக்கு அடுத்த சந்துப் பூனை வந்து குட்டி போடும். பசி தாகத்தில் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. யாராவது விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இதைத் தெருவில் சொல்லிவிடுங்கள்.

முதலில் பெண் பூனைகள். கடுவன்களில் ஒன்று மிஞ்சினாலும் எல்லாப் பெட்டையும் சினையாகிவிடும். நான்கைந்து மாதக் குட்டியே பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். நம் ஊரில் பகல் நேரம் பெரிதாகக் குறைவதில்லை என்பதால் ஆண்டு முழுக்கவே ஈனும்.

கூண்டு இரண்டரை அடி நீளம், ஓர் அடி உயரம் இருந்தால் போதும். மிதித்தால் கதவு விழும் வகை. சில நாள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, தினமும் ஒரே நேரத்தில் உள்ளேயே சோறு போடுங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தின நாள் தீனி கிடையாது. மிதி பலகைக்குப் பின்னால், கடைசி மூலையில் பொரித்த மத்தியோ நெத்திலிக் கருவாடோ வையுங்கள். முன்னால் வைத்தால் எட்டித் தின்றுவிட்டுப் போய்விடும். கதவு விழுந்ததும் கூண்டு முழுவதையும் துணியால் மூடுங்கள், இருட்டில் அடங்கிவிடும். ஒரு கூண்டுக்கு ஒரு பூனைதான். டாக்டரிடம் தேதி வாங்காமல் கூண்டே வைக்காதீர்கள்.

ஒத்தக்கடை கால்நடை மருத்துவர்:
பெரிய பூனைக்கு முந்தின இரவிலிருந்து தீனி வேண்டாம், தண்ணீர் இருக்கலாம். குட்டிகளைப் பல மணி நேரம் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும்.

மயக்கத்திலேயே இடது காது நுனியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டச் சொல்லுங்கள். தூரத்தில் பார்த்தாலே ஆபரேஷன் ஆனது தெரியும். அதையே மறுபடி பிடித்து மயக்க ஊசி போடும் கொடுமை இருக்காது. தானே கரையும் தையல், வெறிநோய்த் தடுப்பூசி இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பூனைகள் சாவது பெரும்பாலும் ஆபரேஷன் மேசையில் அல்ல, அதற்குப் பிறகு. மதுரை வெயிலிலும் மயக்கத்தில் உடம்பு சில்லிட்டுப்போகும். அடியில் கனமான துணி விரியுங்கள், நேராக ஃபேன் காற்று படக்கூடாது. தள்ளாட்டம் நிற்கும்வரை சாப்பாடு கூடாது. வலிக்கு பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். கூண்டை ஃபினாயிலால் கழுவுவதும் அதே போல விஷம். சோப்புத் தண்ணீர் போதும். கடுவனை ஒரு நாள், பெண்ணை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே விடுங்கள். இரத்தக் கசிவோ வாந்தியோ சோர்வோ இருந்தால் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

செல்லூர்வாசி:
நன்றி டாக்டர். ஒரு பெட்டைக்கு மடி இறங்கியிருக்கிறது. குட்டி எங்கே என்று தெரியவில்லை.

ஒத்தக்கடை கால்நடை மருத்துவர்:
அப்படியானால் அதை இப்போது பிடிக்காதீர்கள். சின்னக் குட்டிகள் தாயில்லாமல் ஒரு நாள் தாங்காது. குட்டிகள் தாயோடு வெளியே வந்து தானே தின்னத் தொடங்கட்டும், ஏறக்குறைய எட்டு வாரம். ஆனால் அதற்கு மேல் தள்ளவும் கூடாது, பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். இடைப்பட்ட நாளில் மற்றவற்றை முடித்துவிடுங்கள்.

மாசிவீதி:
தடித்த கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ராஜாஜி மருத்துவமனையிலோ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.