400 மீட்டர் டிராக்குக்குள் 105 × 68 கால்பந்துத் தரை சரிப்படுமா?

மண்டிராக்:
பல்கலைக்கழக மைதானத்தில் இப்போது இருப்பது மண் டிராக். 8 லேன் சிந்தெடிக் போட்டு, நடுவில் கால்பந்துக்குப் புல்தரை என்று முடிவாகியிருக்கிறது. டிராயிங்கில் 105 × 68 மீட்டர் போட்டிருக்கிறார்கள். ஈட்டி, வட்டு, ஹேமர் (சங்கிலிக் குண்டு) எறிதல் எல்லாமும் உள்ளேயேதான். அளவு சரியாக வருமா? டெண்டருக்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உள் ஓரத்து லேன் 1 குளமாவது பழைய தொல்லை.

லேன்எட்டு:
உட்காரும், ஆனால் மூலையில் இடிக்கும் சார். சர்வதேசத் தடகள அமைப்பான வேர்ல்டு அத்லெடிக்ஸ் வழக்கமாகச் சொல்லும் டிராக்கில் வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி 84.39. உள் அகலம் 73. 105 மீட்டர் தரை போட்டால் இரு முனையும் 10.3 மீட்டர் வளைவுக்குள் நுழையும். டச் லைன் (தரையின் நீளவாட்டுக் கோடு) பக்கம் 2.5 மீட்டர் கிடைக்கும். கார்னர் கொடியிலிருந்து கெர்புக்கோ (டிராக்கின் உள் ஓர வரம்பு) 97 செ.மீ.தான். கார்னர் அடிப்பவர் டிராக்கில் நின்றுதான் ஓடி வர வேண்டும். அடியில் குமிழ் வைத்த ஸ்டட் பூட்ஸ் சிந்தெடிக்கைக் கொத்தும், 5 செ.மீ. உயரக் கெர்ப் காலைத் தட்டும்.

100 × 64 ஆக்கச் சொல்லுங்கள். சர்வதேச ஆட்டத்துக்கே விதியில் உள்ள கீழ் அளவு அது. மூலையில் 3.5 மீட்டர், ஓரத்தில் 4.5 மீட்டர் கிடைக்கும். 105 × 68 தான் வேண்டும் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தால், நான்கு மூலையிலும் கழற்றி மாட்டும் அலுமினியக் கெர்ப், ஆட்ட நாளில் டிராக் மேல் விரிக்கக் கனமான மேட் இரண்டையும் டெண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

டிராக்குக்குள் தரை இருக்கிறதே என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க்ளின் ஃபீல்டு மைதானப் படத்தை யாராவது காட்டினால் மயங்க வேண்டாம். அங்கே ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. அந்தத் தரையின் அகலம் 49 மீட்டருக்கும் குறைவு, அதனால் மூலைத் தகராறே கிடையாது.

சிவில்காரன்:
லேன் 1 குளமாவதற்குக் காரணம் பெரும்பாலும் புல்தரைதான். டிராக் உள்பக்கம் 100-க்கு 1 சரியும், அதற்கு மேல் விதியே விடாது. புல்தரை நடுவில் மேடாகி வெளிப்பக்கம் சரியும். இரண்டு தண்ணீரும் கெர்ப் ஓரக் கால்வாய்க்குத்தான் வரும். 8 லேன் டிராக் மட்டும் ஏறக்குறைய 4,200 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை என்றால் 2 லட்சம் லிட்டருக்கு மேல். கால்வாயின் அளவை இதை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வண்டல் அள்ள இடையிடையே தொட்டியும் வேண்டும்.

இன்னொன்று: புல்லுக்கு வருஷா வருஷம் மணல் தூவுவார்கள். ஓரம் மெல்ல உயர்ந்து கெர்பைத் தாண்டிவிடும். அப்புறம் கால்வாய் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஓரத்து ஒரு மீட்டரை வருஷம் ஒருமுறை செதுக்கி மட்டம் இறக்க வேண்டும்.

தார்த்தளம் போட்டதும் தண்ணீர் விட்டுப் பார்த்து, தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுச் சரி செய்த பிறகுதான் சிந்தெடிக் மேல்தளமான பாலியூரிதேன். 4 மீட்டர் மட்டக்கோலுக்கு அடியில் 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. தளத்தில் ஈரம் இருந்தால் பாலியூரிதேன் அதோடு வினை புரிந்து வாயு விடும், கொப்புளம் கிளம்பும். மழை மாதத்தில் அந்த வேலையே வேண்டாம்.

மண்டிராக்:
100 × 64 என்றே எழுதுகிறேன். செயற்கைப் புல் போட்டால் பராமரிப்பு மிச்சம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறதே?

லேன்எட்டு:
அப்படியானால் ஈட்டி, வட்டு, ஹேமர் மூன்றும் வெளியே போக வேண்டியதுதான். ஈட்டி குத்தி நிற்காது, ஹேமர் விழுந்தால் கம்பளம் கிழியும். இயற்கைப் புல்லிலும் 7.26 கிலோ ஹேமர் நல்ல பள்ளம் பறிக்கும். ஹேமர் பயிற்சிக்கு வேறு மைதானம் பார்த்து, இங்கே போட்டி நாளில் மட்டும் வையுங்கள். பள்ளத்தை அன்று மாலையே மணல் கலந்த மண்ணால் நிரப்பித் திமிசு போடாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் யாருக்காவது கணுக்கால் சுளுக்கும்.

ஈட்டி ஓடுபாதை குறைந்தது 30 மீட்டர் வேண்டும். 100 மீட்டர் தரைக்குப் பின்னால் வளைவின் நடுவில் கிடைப்பது 28.7 மீட்டர். அதனால் ஓடுபாதை டிராக்கின் மேல் தொடங்கி வரும். அந்த 4 மீட்டர் அகலத்துக்கும் கழற்றும் கெர்ப்தான் போட வேண்டும். டிராயிங்கில் நிரந்தரக் கெர்ப் என்று இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.