மழை, வெயில், பனி பற்றிய படப் புத்தகங்கள் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகளுக்கு நாலு வயசு. மழை விட்டதும் ஜன்னல் கம்பியில் தொங்கும் துளியை விரலால் தொட்டுப் பார்த்து, "இது எங்கேம்மா போகும்?" என்று கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லும் படப் புத்தகம் வேண்டும். பக்கத்துக்கு ரெண்டு வரி போதும், படம்தான் பேச வேண்டும். நீர் ஆவியாகி மேகமாவதை அவள் கண்ணாலேயே பின்தொடர வேண்டும்.

பருவங்களுக்கும் ஒன்று தேடுகிறேன். வாங்கிய புத்தகத்தில், பூமி சூரியனை நெருங்கினால் கோடை என்று போட்டிருந்தது. மனசே ஒப்பவில்லை. பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதால்தானே பருவங்கள் மாறுகின்றன? சூரியனுக்கு மிக அருகில் பூமி வருவது ஜனவரி தொடக்கத்தில். வட பாதியில் அப்போது குளிர்காலம். இதைச் சரியாக வரைந்த புத்தகம் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கெட்டி அட்டையாக இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னது எது?