1972 அம்பாசிடர்: சரிசெய்யலாமா, தயாரான வண்டி வாங்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம், மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். பெரியப்பாவின் 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2 பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதை எடுத்து ஓட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

எஞ்சினைப் பற்றிப் பயமில்லை. 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், சிலிண்டரைப் போர் போட்டு (உள்சுவரைக் கடைந்து) பிஸ்டன் மாற்றினால் எழுந்துவிடும் என்கிறார் மெக்கானிக். கவலையெல்லாம் பாடிதான். நம் பக்கத்து ஈரமும் ஐப்பசி மழையும் சேர்ந்து தரைத் தகட்டையும் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுப் பட்டையையும் அரித்துவிட்டன. அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதனால் மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதாது, அரித்ததை வெட்டியெடுத்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். எவ்வளவு ஆகும் என்று யாருமே உறுதியாகச் சொல்வதில்லை. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.

தயாரான வண்டி வாங்கினால் தொகை முன்கூட்டியே தெரியும். ஆனால் புதுப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறதோ! அப்புறம், அது பெரியப்பா வண்டியும் ஆகாது.

முழுசாகச் சரிசெய்தவர்கள் டிங்கரிங் (தகடு வேலை), பெயின்ட், குரோம், சீட், வயரிங் என்று செலவைப் பிரித்துச் சொல்ல முடியுமா? தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி பக்கம் பழைய வண்டிக்கு நல்ல டிங்கர் யார்? ஆர்சி (பதிவுச் சான்று) காலாவதியாகிவிட்டது. 50 வருடம் தாண்டியதால் விண்டேஜ் பதிவு (பழங்கால வண்டிகளுக்கான தனிப் பதிவு) கிடைக்கலாம், ஆனால் அதில் தினசரி ஓட்ட முடியாதே. ஆர்சியைச் சாதாரண முறையில் புதுப்பித்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.